இற்றது, நைந்தது, உளுத்தது

பழுதுபட்ட பொருள்களைப் பற்றிப் பேச நம்மிடம் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். புதிதாக வாங்கிய ஒன்றைப் பாராட்டச் சொல் அதிகம் தேவைப்படாது. 'நன்றாக இருக்கிறது' என்றால் போதும். கெட்டுப்போனதைப் பற்றிச் சொல்லும்போது அப்படி முடித்துவிட முடியாது. எது போயிற்று, எதனால் போயிற்று, எவ்வளவு தூரம் போயிற்று, இனி அதைச் சரிசெய்ய முடியுமா என்ற கேள்விகள் உடனே எழும். தமிழில் பல சமயம் இத்தனைக்கும் ஒரே வினைச்சொல் விடை தந்துவிடும். அந்தச் சொற்களை நாம் இப்போது வேகமாக இழந்து வருகிறோம். சொல் போனால் பழுது பார்க்கும் கைப்பழக்கமும் கூடவே போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அடுக்களையிலிருந்து தொடங்குகிறேன். பால் திரிகிறது. சோறு ஊசிப்போகிறது. மாவு புளித்துப்போகிறது. அப்பளமும் முறுக்கும் நமுத்துப்போகின்றன. எண்ணெய் காறிப்போகிறது. கீரை வதங்குகிறது, தக்காளி அழுகுகிறது, கத்தரிக்காய் சொத்தையாகிறது, அரிசியில் வண்டு விழுகிறது, ஊறுகாயில் பூசணம் பூக்கிறது. இவற்றில் ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்துப் பாருங்கள். 'சோறு நமுத்துப்போச்சு' என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்லமாட்டார்கள். நமுத்தல் என்றால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மொறுமொறுப்பை இழப்பது. வெயிலில் காயவைத்தாலோ சூடு காட்டினாலோ அந்தப் பண்டம் திரும்பக் கிடைக்கும். ஊசுதல் என்றால் கிருமி பெருகி நூல்விடுவது. அதைக் கொட்டத்தான் வேண்டும். திரிந்த பாலில் சர்க்கரை போட்டுக் கிளறி இனிப்பாக்கிவிடும் வீடுகள் உண்டு. காறிய எண்ணெய் தாளிக்க ஆகாது, விளக்குக்கு ஆகும். அந்தப் பண்டத்தை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதை வினைச்சொல்லே தீர்மானித்துவிடுகிறது.

துணிக்கும் கயிற்றுக்கும் வருவோம். ஒரு கயிறு அறுந்துவிட்டது என்பதற்கும் இற்றுவிட்டது என்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! அறுந்த கயிறு நல்ல கயிறுதான். தாங்கமுடியாத பாரம் இழுத்தது, அல்லது கூர்மையான ஏதோ ஒன்று அறுத்தது. முடிச்சுப் போட்டு மீண்டும் கிணற்றில் இறக்கலாம். இற்ற கயிறு அப்படியல்ல. தண்ணீரும் வெயிலும் மாறிமாறிப் பட்டு நாருக்குள் இருந்த வலுவே போய்விட்டது. முடிச்சுப் போட்டால் அடுத்த முழத்தில் இறும். பேச்சில் 'இத்துப்போச்சு' என்கிறோம். யாழ்ப்பாணத்தில் 'உக்கிப்போச்சு' என்பார்கள். கயிறு வாங்கித்தர வேண்டிய பெரியவர் முதலில் கேட்கும் கேள்வியே "அறுந்துச்சா, இத்துப்போச்சா?" என்பதுதான். விடையைப் பொறுத்துத்தான் அவர் கடைக்குக் கிளம்புவார்.

துணியில் இன்னும் நுட்பம் அதிகம். கிழிதல் ஒரு கணத்தில் நடப்பது. முள் மாட்டியது, ஆணி இழுத்தது, கிழிந்தது. நைதல் ஆண்டுக்கணக்கில் நடப்பது. துவைத்துத் துவைத்து, உடுத்தி உடுத்தி, முழங்கை படும் இடத்திலும் கழுத்துப் பட்டையிலும் இழை மெலிந்து மறுபக்கம் தெரிய ஆரம்பிக்கும். கிழிசலைத் தைக்கலாம். நைந்த இடத்தில் ஊசி போட்டால் ஊசி பட்ட துளையே புதிய கிழிசலாகும். அங்கே பின்னால் ஒட்டுத்துணி கொடுத்துத்தான் தைக்கவேண்டும். தையல் விட்டிருந்தால் துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, நூல்தான் போயிருக்கிறது. ஓரம் பிசிறடித்தால் மடித்து அடிக்கவேண்டும். சாயம் போனால் தோய்க்கவேண்டும். தையல் கடைக்காரரிடம் சட்டையை நீட்டிப் பாருங்கள். அவர் முதலில் துணியை வெளிச்சத்தில் பிடித்து நைந்திருக்கிறதா கிழிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

பட்டுப்புடவை தனிக்கதை. உடுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் அது போய்விடும். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் மடிப்பு விழுந்த கோட்டோடு பட்டு இற்றுவிடும், சரிகை கருத்துவிடும். அதனால்தான் வீட்டுப் பெரியவர்கள் அவ்வப்போது புடவையை எடுத்து உதறி, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைத்தார்கள். 'மடிப்பில் இற்றுப்போகும்' என்ற தொடரைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு அந்தப் பராமரிப்பு தானாகவே தெரியும். தொடரைக் கேட்காதவருக்குப் புடவை கையில் பிளந்த பிறகுதான் தெரியும்.

உலோகத்தில் இரும்புக்குத் துரு, செம்புக்கும் பித்தளைக்கும் களிம்பு, வெள்ளிக்குக் கருப்பு. பாத்திரம் கீழே விழுந்தால் ஒடுக்கு விழும். அரிவாள் மழுங்கினால் சாணை பிடிக்கவேண்டும். திருகாணியின் மரை தேய்ந்துவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. அம்மி பெயர்ந்தோ உடைந்தோ போவது அரிது. அதன் கொத்துதான் தேயும். தேய்ந்தால் மிளகாய் அரைபடாமல் வழுக்கும். அப்போது உளியோடு ஒருவர் தெருவில் வருவார், அம்மி கொத்தித் தந்துவிட்டுப் போவார். பித்தளைப் பாத்திரத்தைப் பற்றி 'ஈயம் போயிடுச்சு' என்று சொன்னால் அந்தப் பாத்திரம் உடையவில்லை, ஓட்டையாகவில்லை, பார்வைக்குப் பளபளவென்றே இருக்கிறது. ஆனால் அதில் புளியோ மோரோ ஊற்றக்கூடாது. பாத்திரத்தின் உள்ளே பூசிய ஈயப் பூச்சு தேய்ந்துவிட்டதால் புளிப்பு நேராகப் பித்தளையைத் தொடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆபத்தை இரண்டே சொல்லில் சொல்லிவிட்டார்கள். ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவது நின்றபோது அந்தத் தொடரும் வீட்டைவிட்டு வெளியேறியது.

மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். என் வாதத்துக்கு மிக வலுவான சான்று அங்கேதான் இருக்கிறது. பழைய வீட்டின் உத்தரம் ஒன்று பலமிழந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது உளுத்திருக்கலாம், செல்லரித்திருக்கலாம், மக்கியிருக்கலாம், வெடித்திருக்கலாம். நான்கும் நான்கு வழிகள். உளுத்தல் என்பது வண்டின் புழு மரத்துக்குள்ளேயே வாழ்ந்து குடைவது. வெளியே குண்டூசித் தலையளவு துளைகள், கீழே மாவு போல உதிரும் தூள். மரத்தின் மேல்தோல் முழுதாக இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. செல்லரித்தல் என்பது கரையான் மண்ணிலிருந்து ஏறிவருவது. சுவர் மீது மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு, வெளிச்சம் படாமல் ஏறி, மரத்தைத் தின்று, தின்ற இடத்தில் மண்ணை நிரப்பிவிடும். உளுத்த மரத்துக்கு மருந்து மரத்துக்கே செலுத்தவேண்டும். செல்லரித்த மரத்துக்கு மரத்தில் மருந்தடித்து மட்டும் பயனில்லை. தரையோடு அதற்கிருக்கும் தொடர்பை அறுக்கவேண்டும், அஸ்திவாரத்தைச் சுற்றி மண்ணைப் பார்க்கவேண்டும். மக்குதல் ஈரத்தால் வருவது. எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து அதை அடைக்காமல் புதிய மரம் வைத்தால் அதுவும் மக்கும். வெடிப்பு, மரம் சரியாகக் காயாமல் அறுத்ததால் வந்தது. பெரும்பாலும் அதற்கு வைத்தியமே தேவையில்லை. இப்போது அந்த வீட்டுக்காரர் 'மரம் டேமேஜ் ஆயிடுச்சு' என்று மட்டும் சொன்னால், எதிரே இருப்பவர் என்ன செய்வார்? எடுத்துப்போட்டுவிட்டு இரும்பு வைக்கச் சொல்வார்.

சுவரும் அப்படித்தான். காரை பெயர்வது வேறு, உப்புப் பூப்பது வேறு, ஓதம் ஏறுவது வேறு. ஓதம் தரையிலிருந்து மேலே ஏறும். ஒழுக்கு மேலிருந்து கீழே வரும். சுவரின் எந்த உயரத்தில் கறை இருக்கிறது என்று பார்த்தே அனுபவமுள்ள கொத்தனார் சொல்லிவிடுவார். கீறல் பூச்சோடு நிற்பது. விரிசல் கட்டுமானத்துக்குள் போயிருப்பது. கான்கிரீட் வந்த பிறகு புதிய நோயொன்றும் வந்தது. உள்ளிருக்கும் கம்பி துருவேறினால் துரு இரும்பைவிட அதிக இடத்தைக் கேட்கும், வீங்கும், மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்த்துவிடும். இதற்குக் கட்டட வேலைக்காரர்கள் 'கம்பி ஊதியிருக்கு' என்பது போன்ற தொடர்களைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். புதிய பழுதுக்குப் புதிய சொல்லை வேலை செய்கிறவர்களே படைத்துக்கொள்கிறார்கள். அவற்றை யாரும் எழுதிவைப்பதில்லை என்பதுதான் என் கவலை.

இந்தக் கூர்மை நேற்று வந்ததல்ல. பத்துப்பாட்டில் உள்ள சிறுபாணாற்றுப்படையில், ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நல்லூர் நத்தத்தனார், பாணனின் வறுமையைக் காட்ட ஓர் அடுக்களையைக் காட்டுகிறார். வறுமை என்ற சொல்லோடு அவர் நின்றுவிடவில்லை. கூரைக் கழி கழன்று விழும் பழைய சுவர், அதைச் சிதல் அரித்து உண்டாக்கிய புழுதி, அந்தப் புழுதியில் முளைத்த காளான். சிதல் என்றால் கரையான். அடுப்பு எரிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை, அங்கே காளான் முளைத்திருப்பதைக் கொண்டு நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். புலவர் ஒரு தச்சர் பார்ப்பதைப் போல அந்த அடுக்களையைப் பார்த்திருக்கிறார். பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் போன பொருநனின் உடையைச் சொல்லும் இடமும் அத்தகையது. வேர்வையில் நனைந்து, பேன் குடியேறி, வேறு வேறு நூல்களால் மீண்டும் மீண்டும் தைக்கப்பட்ட கந்தல். அதற்குச் 'சிதார்' என்று பெயர் இருந்தது. மூல நூலைவிடத் தைத்த நூலே அதிகமாகிவிட்ட துணி என்று நமக்குப் புரிகிறது. ஏழ்மையை இரக்கத்தோடு பார்க்கிறவர் அதன் இழைகளை எண்ணிப் பார்ப்பார்.

இந்த இலக்கியங்கள் நம் கைக்கு வந்த வழியும் சிதைவைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்களால் அமைந்ததுதான். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதன் பதிப்புரையில் பழைய ஏட்டுக்கட்டைக் கையில் எடுத்தால் என்ன ஆகிறது என்று எழுதியிருக்கிறார். ஏட்டின் ஓரத்துக்கு ஒரு வினை, இதழுக்கு ஒரு வினை, எழுத்துக்கு ஒன்று என ஒவ்வொன்றும் அழியும் விதத்தைத் தனித்தனியே சொல்கிறார். தமிழ் உரைநடையில் சிதைவைப் பற்றி இவ்வளவு வலியோடும் இவ்வளவு துல்லியத்தோடும் எழுதப்பட்ட பக்கம் வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. அன்று படித்தவர்களை அது உலுக்கியது என்றால், 'ஏடுகள் சேதமடைந்துள்ளன' என்று எழுதாமல் எப்படி என்று எழுதியதால்தான்.

அதே 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் இன்னொரு வகையில் அதைச் செய்தார். ஏடு சிதைந்த இடத்தில் தன் கற்பனையால் சொல்லை நிரப்பவில்லை. புறநானூற்றைத் திறந்தால் பல பாட்டுகளின் நடுவே புள்ளிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவே இல்லை. எண் மட்டும் இருக்கிறது, இடம் காலியாக இருக்கிறது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. பரிபாடலில் 70 பாடல்கள் இருந்தன என்று அறிகிறோம், முழுமையாகக் கிடைத்தவை 22. எவ்வளவு போயிற்று என்று இன்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவது, பதிப்பாசிரியர்கள் இழப்பை மூடிமறைக்காததால்தான். ஏட்டில் எழுத்து தேய்ந்திருக்கிறதா, ஒடிந்து விழுந்திருக்கிறதா, இராமபாணப் பூச்சி துளைத்திருக்கிறதா, கரையான் அரித்திருக்கிறதா என்பதற்கு ஏற்ப மீட்கும் வழியும் மாறும். எழுத்து மங்கியிருந்தால் கரியோ இலைச்சாறோ தடவித் துடைக்கக் கீறல் தெளியும். ஏடு காய்ந்து முறியும் நிலையில் இருந்தால் புல்தைலம் பூசினால் சற்று நெகிழும். பூச்சி துளைத்துப் போன எழுத்துக்கு வேறொரு படியைத் தேடித்தான் ஊர் ஊராக அலையவேண்டும். உ.வே.சா. அலைந்தார்.

இந்தச் சொற்களை மனிதர்கள் மீது வீசியிருக்கிறோம் என்பதையும் இந்த மேடையில் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. வாய் உடைந்த பானை மூளிப் பானை. அந்தச் சொல்லைக் கணவனை இழந்த பெண்ணைப் பார்த்துச் சொன்ன ஊர் நம்முடையது. நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வந்தாள் என்பதற்காக அவள் காதுபடவே சொன்னார்கள். சொத்தை, உடைசல், உளுத்தது, இவை எல்லாமே முதியவர்களையும் உடல்குறை உள்ளவர்களையும் குத்தப் பயன்பட்டிருக்கின்றன. பொருளுக்குரிய சொல்லைப் பொருளோடு நிறுத்தவேண்டும். ஒரு மனிதர் தேய்ந்துபோகிற பண்டமல்லர். பழுதுச் சொற்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கேட்பதில் இந்த வழக்கு சேராது. அது ஒழியட்டும்.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் 'கண்மாய்க் கரை சேதம்' என்ற செய்தி வருகிறது. கரையில் என்ன நடந்தது? அலை மோதி அரித்ததா? நண்டு வளை, எலி வளை வழியாகக் கசிந்ததா? மதகு அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலேறி வழிந்ததா? கலிங்கு போதாமல் உடைத்துக்கொண்டதா? குளம் தூர்ந்துபோய்க் கொள்ளளவு குறைந்திருந்ததா? ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி வேறு, செலவு வேறு, செய்யவேண்டிய காலம் வேறு. கரையின் வெளிப்புறம் கசியும் தண்ணீர் தெளிந்து வந்தால் பொறுத்துப் பார்க்கலாம், கலங்கி வந்தால் கரைக்குள் மண் அரிபடுகிறது, அன்று இரவே மண்மூட்டை வேண்டும். இதை ஊரில் நீர்பாய்ச்சும் நீர்க்கட்டியாரும் மடையாரும் அறிந்திருந்தார்கள். 'சேதம்' என்ற ஒரே சொல்லால் எழுதப்பட்ட மனுவுக்குச் 'சீரமைக்கப்படும்' என்ற ஒரே சொல்லால் பதில் வருகிறது. நடுவில் கரை அப்படியே நிற்கிறது.

வீட்டிலும் இதுதான் நடக்கிறது. மின்விசிறி, மிதிவண்டி, செருப்பு, கைபேசி எதுவானாலும் 'போச்சு', 'டேமேஜ்', 'வேஸ்ட்' என்ற மூன்றோடு பேச்சு முடிகிறது. வேற்றுமொழிச் சொல் வருவதில் எனக்கு வருத்தமில்லை. பஞ்சர், லீக், ஷார்ட் போன்றவை வந்து நம் பட்டறைகளில் நன்றாக உழைக்கின்றன. எது எப்படிப் போயிற்று என்று அவை சொல்கின்றன. ஒன்றுமே சொல்லாத சொல்லைத்தான் நான் எதிர்க்கிறேன். எப்படிப் போயிற்று என்று சொல்லத் தெரியாதவர் அந்தப் பொருளைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியறியார்.

அகராதிகள் என்ன செய்தன என்று கேட்பீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939இல் பிற்சேர்க்கையும் பெற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. பொத்தல் என்றால் ஓட்டை என்பதும், பொத்துதல் என்றால் தைத்து மூடுவது என்பதும் அதில் பதிவாகியிருக்கின்றன. கடற்கரையில் இன்றும் வலை பொத்துகிறார்கள். கரிசல் வட்டாரத்துக்குக் கி. ராஜநாராயணனும் கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகனும் சொல்லகராதி தந்தார்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்று எழுதப்படும் தமிழை நேர்மையாகப் பதிந்தது. இவர்கள் எல்லோருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தொழில் தொழிலாகப் போய், பட்டறை பட்டறையாக உட்கார்ந்து, பழுதுக்குரிய சொற்களைத் திரட்டும் வேலை பெரிதும் மிச்சமிருக்கிறது. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி இத்தகைய தொழிற்சொல் அகராதிப் பணியைத் தொடங்கி 1962இல் வேளாண்மைச் சொற்களின் தொகுதியை வெளியிட்டார். பிறகு கைத்தறிச் சொற்களுக்கும் தொகுதி வந்தது. ஊர் ஊராகக் கேட்டு, எந்த மாவட்டத்தில் எந்தச் சொல் என்று குறித்து வைத்தார்கள். தறியில் இழை அறுவதற்கு எத்தனை பெயர் என்று அங்கே ஒருவர் தேடிப் பார்க்க வழியிருக்கிறது.

ஆகவே இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் ஊரில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் தச்சர், கொத்தனார், நெசவாளர், தையற்காரர், குயவர், வலை பொத்துகிறவர், மிதிவண்டிக் கடைக்காரர் இவர்களிடம் போங்கள். பழுதான ஒரு பொருளைக் கையில் கொண்டுபோங்கள். வெறுங்கையோடு போய்ச் சொல் கேட்டால் அவர்களுக்குச் சொல்ல வராது, பொருளைப் பார்த்தால் தானாக வரும். அவர் சொன்ன சொல்லை அவர் சொன்ன ஒலியிலேயே எழுதுங்கள், நம் இலக்கணத்துக்குத் திருத்தவேண்டாம். பக்கத்தில் நான்கு செய்தி எழுதுங்கள்: என்ன பொருள், எதனால் அப்படி ஆயிற்று, சரிசெய்ய முடியுமா, எப்படி. ஊர்ப்பெயரையும் தேதியையும் போடுங்கள். பள்ளிக்கூடம்தோறும் ஒரு குறிப்பேடு அப்படி நிறையட்டும். அந்த வேலையைச் செய்கிறவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.